உள்ளே வந்தவன் எப்படி வந்தான்?

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் மூலவரின் பொன் அங்கியிலிருந்து தங்கம் களவுபோயிருப்பது 1992-ஆம் ஆண்டு வெளியே தெரிந்தது. போனது ஏறக்குறைய ஆறரை கிலோ. ஒரே இரவில் பூட்டை உடைத்து நடத்திய களவு அல்ல. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக நடந்தது. வழக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்து, 2014-ல் நாகர்கோவில் நீதிமன்றம் 23 பேருக்குத் தண்டனை விதித்தது. கோயிலில் வேலை பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உள்ளே போகும் உரிமை உள்ளவர்கள் வழியாகவே பொன் வெளியே போனது. அதனால்தான் அது நடந்ததே நெடுநாள் யாருக்கும் தெரியவில்லை.

இணையக் கணக்கு களவுபோவதும் பெரும்பாலும் இப்படித்தான். சினிமாவில் காட்டுவதுபோல யாரோ இருட்டறையில் உட்கார்ந்து கூகுளின் கணினியை உடைப்பதில்லை. சரியான கடவுச்சொல்லையோ அதற்கு ஈடான வேறொன்றையோ வைத்துக்கொண்டு நேர்வழியிலேயே உள்ளே வருகிறார்கள். நம் பெயரில் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் 'அவசரம், இருபதாயிரம் அனுப்புங்க' என்று செய்தி போய், அவர்களில் ஒருவர் சந்தேகப்பட்டு நம்மைக் கூப்பிடும்போதுதான் விஷயமே தெரிய வருகிறது.

தெரிந்ததும் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி, 'யார் செய்தது?' என்பது. அது நியாயமான கேள்வி. ஆனால் முதலில் கேட்க வேண்டியது, 'எப்படி வந்தான்?' என்பது. இதற்கான விடையைக் கணக்கின் சொந்தக்காரரே தேடிவிடலாம். வேண்டிய பதிவுகளில் பெரும்பகுதி அவருடைய கணக்கிலேயே கிடக்கிறது. அதைப் பார்க்காமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால், வந்தவன் அதே வழியாகத் திரும்ப வருவான். 'யார்' என்று கண்டுபிடிக்கக் காவல்துறையின் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் பலன் தர, முதல் நாளிலேயே நாம் எடுத்துவைக்கும் பதிவு வேண்டும்.

வழி ஐந்து

முதல் வழி, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் போட்டுவைப்பது. ஒழுங்காக நடக்கும் நிறுவனம் நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஒரு கணிதச் செயல்முறையில் போட்டுக் கிடைக்கும் 'ஹாஷ்' என்ற எண்கோவையை மட்டும் வைத்திருக்கும். கடவுச்சொல்லிலிருந்து ஹாஷை நொடியில் கணக்கிட்டுவிடலாம்; ஹாஷிலிருந்து கடவுச்சொல்லுக்குத் திரும்பிப் போகச் சூத்திரம் கிடையாது. ஆனாலும் ஊகிக்கலாம். உலகம் அடிக்கடி வைக்கும் கோடிக்கணக்கான கடவுச்சொற்களுக்கு முன்கூட்டியே ஹாஷ் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, திருடிய பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். இதைத் தடுக்க, ஒவ்வொருவரின் கடவுச்சொல்லோடும் தனித்தனியாக ஒரு சீரற்ற எண்ணைச் சேர்த்து ஹாஷ் செய்ய வேண்டும். அதற்கு 'உப்பு' என்று பெயர். பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-லேயே இதை எழுதிவிட்டார்கள். இருந்தும் 2012-ல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து திருடுபோன ஹாஷ்களில் உப்பு இல்லை. 2016-ல் அந்தத் தொகுப்பு விலைக்கு வந்தபோது, அதில் 11.7 கோடி கணக்குகளின் மின்னஞ்சலும் ஹாஷும் இருந்தன. திருடர்கள் ஹாஷிலிருந்து இப்படி ஊகித்துக் கிடைத்த மின்னஞ்சல், கடவுச்சொல் இணைகளை எடுத்து ஜிமெயில், ஃபேஸ்புக், வங்கி என்று எல்லாவற்றிலும் தானியங்கியாகப் போட்டுப் பார்க்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் ஏதோ ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் வைத்த கடவுச்சொல் இன்றைய மின்னஞ்சலைத் திறப்பது இதனால்தான்.

இரண்டாவது, போலிப் பக்கம். வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு செய்தி, அதில் ஓர் இணைப்பு, தட்டினால் அசலைப் போலவே ஒரு பக்கம். இன்றைய போலிப் பக்கங்கள் நாம் அடிப்பதை அப்போதே அசல் தளத்துக்குக் கடத்துகின்றன. அசல் தளம் ஓடிபி அனுப்புகிறது, அதையும் நாம் போலிப் பக்கத்தில் அடிக்கிறோம், அதுவும் கடத்தப்படுகிறது.

மூன்றாவது, நாமே எண்ணைச் சொல்லிக் கொடுப்பது. வாட்ஸ்அப்பை ஒரு புதிய போனில் தொடங்க, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண் வேண்டும். 'தவறுதலா உங்க நம்பருக்கு ஒரு கோடு வந்திருச்சு, கொஞ்சம் அனுப்புங்க' என்று ஏற்கெனவே களவுபோன உறவினரின் கணக்கிலிருந்து கேட்பார்கள். கேட்பது தெரிந்தவர் என்பதால் கொடுத்துவிடுகிறோம்.

நான்காவது, போனிலேயே புகுந்த நிரல். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராத ரசீது என்றும் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள் இந்த வகை. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். நிறுவச் சொல்லும் கோப்பாக வராது. நிறுவினால் அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, ஓடிபிகளை வெளியே அனுப்பும். கணினியில், திருட்டு மென்பொருளோடு ஒட்டி வரும் நிரல்கள் 'குக்கி'யைத் திருடுகின்றன. நாம் ஒருமுறை உள்நுழைந்ததும், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காமலிருக்க, தளம் நம் உலாவியில் ஒரு நீண்ட ரகசிய எண்ணை வைக்கிறது. அந்த எண்ணைத் தன் கணினியில் போட்டுக்கொண்டவனிடம் தளம் கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

ஐந்தாவது வழியைப் பற்றிப் பேச நமக்குத் தயக்கம் அதிகம். நம் ஊர்களில் வயதானவர்களின் ஜிமெயிலைத் திறந்து கொடுப்பது பெரும்பாலும் போன் வாங்கிய கடைதான். கடவுச்சொல் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் எண்ணோ எப்போதோ விட்டுப்போன எண்ணோ இருக்கும். இ-சேவை மையத்திலும் பிரௌசிங் சென்டரிலும் விண்ணப்பம் போட்ட அவசரத்தில் வெளியேறாமல் வந்துவிடுகிறோம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் கணக்கின் கட்டுப்பாடு நம் கையில் இல்லை என்பதுதான் உண்மை. விலகிப்போன துணை, பழைய கூட்டாளி, ஒருகாலத்தில் கடவுச்சொல் தெரிந்த நண்பர் என்று பலருடைய போன்களில் நம் கணக்கு ஆண்டுக்கணக்கில் திறந்தபடியே இருக்கலாம்.

முதல் ஒரு மணி நேரம்

பணம் போயிருந்தால் வேறு எதையும் செய்யும் முன் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் காவல்துறையும் வங்கிகளும் ஒரே வலையில் இணைக்கப்பட்டுள்ளன. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே, எங்கே நிற்கிறதோ அங்கே அதை முடக்க முயல்வார்கள். ஏடிஎம்மிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டால் மீட்பது கடினம்.

பணம் போகவில்லை என்றால் வேலையை இந்த வரிசையில் செய்யலாம். சந்தேகத்துக்கு இடமில்லாத இன்னொரு போனையோ கணினியையோ எடுங்கள். நிரல் புகுந்த போனிலேயே புதிய கடவுச்சொல் அடித்தால் அதுவும் போய்விடும். முதலில் மின்னஞ்சலை மீட்க வேண்டும், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' இணைப்புகளெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மீட்பு எண்ணைத் திருடன் மாற்றியிருந்தாலும் கூகுள் பழைய எண்ணுக்கும் பழைய மின்னஞ்சலுக்கும் ஏழு நாள்வரை இடம் கொடுக்கிறது. அந்த ஏழு நாளை வீணாக்கக் கூடாது. வாட்ஸ்அப் போயிருந்தால், நம் எண்ணில் மறுபடி பதிவு செய்து எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைப் போட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரட்டைச் சரிபார்ப்பு எண் வைத்திருந்தால் நாம் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க நேரலாம். ஆனால் அந்த நாள்களில் அவனும் உள்ளே இருக்க மாட்டான்.

கணக்குக்குள் போனதும் எதையும் மாற்றும் முன் ஐந்து நிமிடம் பதிவெடுக்கச் செலவிடுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியல் இருக்கும். ஃபேஸ்புக்கில் உள்நுழைந்த இடங்களின் பட்டியலும், வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலும் உண்டு. கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் கீழே வலது ஓரத்தில் 'விவரங்கள்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தட்டினால் அண்மைய நுழைவுகளும், அவை எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தன என்று காட்டும் ஐபி முகவரிகளும் வரும். எல்லாவற்றையும் நாளும் நேரமும் தெரியும்படி படம்பிடியுங்கள். 'புதிய சாதனத்தில் உள்நுழைவு' என்று வந்த எச்சரிக்கை மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள்.

அதன் பிறகு தெரியாத சாதனங்களையெல்லாம் வெளியேற்றுங்கள். புதிய, வேறெங்கும் போடாத, நீளமான கடவுச்சொல் வையுங்கள். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். திருடன் விட்டுப்போனவை இனிமேல்தான் இருக்கின்றன. மின்னஞ்சல் அமைப்புகளில் 'முன்னனுப்பல்' என்ற இடத்தைப் பாருங்கள். வரும் மின்னஞ்சல் ஒவ்வொன்றின் நகலும் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். 'வடிகட்டிகள்' பகுதியையும் பாருங்கள்; வங்கியின் பெயர் வரும் கடிதங்களைக் கண்ணில் படாமல் குப்பைக்கு அனுப்பும் விதி ஒன்று அங்கே இருக்கலாம். மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், கணக்கைப் பயன்படுத்த அனுமதி பெற்ற வெளிச் செயலிகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். வெளிச் செயலிக்குக் கொடுத்த அனுமதி கடவுச்சொல் மாறினாலும் பல சமயம் உயிரோடிருக்கும். போனில் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தால், ஓடிபியைக் குரலாகச் சொல்லும் அழைப்பும் அங்கேதான் போகும், அதையும் நீக்குங்கள்.

ஒரு வரியைப் படிப்பது

இனி தடயத்துக்கு வருவோம். நுழைவுப் பட்டியலில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்: ஆகஸ்ட் 14, 21:17 யூடிசி, விண்டோஸ், குரோம், 203.0.113.45. இந்த ஐபி எடுத்துக்காட்டுகளுக்காகவே உலக அளவில் ஒதுக்கப்பட்டது, யாருடையதும் அல்ல.

முதலில் நேரம். யூடிசி என்பது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே சம்பவம் நடந்தது ஆகஸ்ட் 15 அதிகாலை 2:47-க்கு. புகாரில் 14-ஆம் தேதி இரவு 9:17 என்று எழுதிவிட்டால் ஐந்தரை மணி நேரம் பிசகுகிறது. அந்த நேரத்தில் அந்த முகவரியை வைத்திருந்தவர் வேறொரு ஆளாக இருப்பார். விசாரணை சம்பந்தமில்லாத ஒருவரின் வீட்டுக்குப் போய் நிற்கும்.

அடுத்து முகவரி. பழைய முறையில் ஐபி முகவரி 32 இருமங்களால் ஆனது. மொத்தம் ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தான் உண்டு. இந்தியாவில் மட்டும் நூறு கோடிக்கும் மேல் மொபைல் இணைப்புகள் இருக்கின்றன. எனவே தொலைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பெருங்கூட்டத்துக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒவ்வொரு இணைப்பையும் பிரித்தறிய 'போர்ட்' என்ற 16 இரும எண் உதவுகிறது. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள். 'இந்த முகவரியை அந்த நொடியில் பயன்படுத்தியவர் யார்?' என்று போலீஸ் கேட்டால் ஒரு நீண்ட பட்டியல்தான் வரும். முகவரி, போர்ட், நொடி சுத்தமான நேரம் மூன்றும் சேர்ந்தால்தான் பட்டியல் ஒரே இணைப்பாகச் சுருங்கும். நமக்குக் காட்டும் பக்கத்தில் போர்ட் இராது. சேவை நிறுவனம் அதைப் பதிந்திருந்தால், சட்டப்படி கேட்கும் அதிகாரிக்குத் தரும்.

மூன்றாவது, இடம். பட்டியலில் 'சென்னை' என்றோ 'பெங்களூரு' என்றோ இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். திருவட்டாறில் இருந்துகொண்டு மொபைல் டேட்டாவில் நாமே உள்நுழைந்தாலும் இடம் சென்னை என்று காட்டலாம், ஏனென்றால் அது நிறுவனம் தன் வலையை இணையத்தோடு சேர்க்கும் ஊர். மறுபக்கம், திருடன் தன் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும் விபிஎன் வழியாக வந்திருந்தால், காட்டும் நாட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இருக்காது. நம் சாதனம் அல்லாத சாதனம், நாம் தூங்கிக்கொண்டிருந்த நேரம் ஆகியவை இடத்தைவிட நம்பகமான அடையாளங்கள். அந்த நேரத்துக்குச் சற்று முன் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு இணைப்பைத் தட்டினோமா, ஒரு கோப்பை நிறுவினோமா, ஓர் எண்ணைச் சொன்னோமா? கடவுச்சொல் மாற்றக் கோரிக்கை எதுவும் இல்லாமல், புதிய நுழைவுப் பதிவும் இல்லாமல் நம் பெயரில் வேலை நடந்திருந்தால், குக்கி திருட்டையோ ஏற்கெனவே திறந்துகிடந்த சாதனத்தையோ சந்தேகிக்க வேண்டும். 'எப்படி' என்ற கேள்விக்கு விடை இப்படித்தான் கிடைக்கிறது.

தடம் பிடித்தலின் முன்னோடிக் கதை 1986-ல் நடந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதைச் சரிபார்க்கச் சொல்லப்பட்டவர் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர். அந்தச் சில்லறைக்குப் பின்னால் ஒரு ஊடுருவி இருந்தான். ஸ்டோல் அவனை உடனே விரட்டவில்லை. அவன் அடித்த ஒவ்வொரு எழுத்தையும் அச்சடித்து, நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு ராணுவ ரகசியம்போலத் தோன்றும் போலிக் கோப்புகளைப் போட்டு வைத்தார். அவன் அவற்றைப் படித்துக்கொண்டு நெடுநேரம் இணைப்பில் இருக்க, தொலைபேசித் தடம் ஜெர்மனியின் ஹனோவர் நகரம்வரை போனது. பிடிபட்ட மார்கஸ் ஹெஸ், திருடிய தகவலைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றவன். ஸ்டோலிடம் பெரிய கருவிகள் இல்லை. தேதியும் நேரமும் பிசகாத குறிப்பேடு இருந்தது.

வழக்காகும்போது

பதிவுகள் நிரந்தரமாக இருப்பதில்லை. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகு கேட்டால் இல்லை என்று சொல்ல இடமிருக்கிறது. சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியலாம். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். நம் குமரி மாவட்டத்துக்கு நாகர்கோவிலில் மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் குற்றம்; இரண்டுக்கும் மூன்று ஆண்டுவரை சிறை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு அதன் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும் என்பதால், சான்று திருத்தப்படவில்லை என்பதற்கு அது சாட்சி. படங்களை வெட்டாமல், கோடு போடாமல், மூலக் கோப்பாகவே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு இருந்தது. 2007-ல் வங்கியிடமிருந்து வந்ததுபோன்ற ஒரு மின்னஞ்சல் கேட்ட விவரங்களை அவர் கொடுத்துவிட்டார். 6.46 லட்சம் ரூபாய் போனது. அதில் 4.6 லட்சம் மும்பையில் அதே வங்கியின் கிளையொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. விவரத்தைக் கொடுத்தது வாடிக்கையாளர்தானே என்றது வங்கி. அவர் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்வு அதிகாரியிடம் போனார். ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அந்த அதிகாரி. அப்போது தமிழ்நாட்டில் அப்பொறுப்பில் இருந்த பி.டபிள்யூ.சி. டேவிதார், வங்கி தன் பாதுகாப்புக் கடமையில் தவறியது என்று கண்டு, 12.85 லட்சம் கொடுக்க 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார். ஏமாந்தவர் என்பதாலேயே ஒருவருடைய உரிமை போய்விடாது என்று அந்த உத்தரவு காட்டியது.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையும் நேரத்தைத்தான் அளவுகோலாக வைக்கிறது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்புவரை அவர் ஏற்க வேண்டும். கடவுச்சொல்லை நாமே கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

வராமல் தடுக்க முடியுமா? பெருமளவு முடியும். கூகுள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், எஸ்எம்எஸ் ஓடிபி மட்டுமே தானியங்கித் தாக்குதல்களை 100 விழுக்காடும் மொத்தமாக வீசும் போலிப் பக்கங்களை 96 விழுக்காடும் தடுத்தது. ஒருவரைக் குறிவைத்து நடத்தும் தாக்குதல்களில் அது 76 ஆகக் குறைந்தது. அதைவிட வலுவானது இப்போது வந்துள்ள 'பாஸ்கீ'. அதில் ரகசிய எண் நம் போனை விட்டு வாய்ச்சொல்லாகவோ செய்தியாகவோ வெளியே போவதில்லை. எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரியில் மட்டுமே வேலை செய்யும். போலிப் பக்கத்தில் நாம் ஏமாந்தாலும் பாஸ்கீ ஏமாறாது.

இத்தனை கருவிகளையும் தோற்கடிப்பது நம் வீடுகளில் இருக்கும் ஒரு பயம். 'பிள்ளைகள் திட்டுவார்கள்' என்று அம்மா சொல்லாமல் இருக்கிறார்; 'மானம் போகும்' என்று அப்பா இரண்டு நாள் கழித்துச் சொல்கிறார்; 'வீட்டில் போனைப் பிடுங்கிவிடுவார்கள்' என்று மகள் மறைக்கிறாள். அதற்குள் பணம் கைமாறிவிடுகிறது, பதிவுகள் பழசாகிவிடுகின்றன. வளைகுடாவிலும் வெளியூரிலும் பிள்ளைகள் இருக்க, போன் வழியாகவே குடும்பம் நடத்தும் நம் மாவட்டத்துக்கு இது பெரிய ஆபத்து. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெற்றோரின் போனை வாங்கிச் சாதனப் பட்டியலைப் பாருங்கள், மீட்பு எண்ணைச் சரிசெய்யுங்கள், 1930-ஐ எழுதி ஒட்டுங்கள். கூடவே, 'என்ன நடந்தாலும் உடனே சொல்லுங்க, ஒரு வார்த்தை திட்ட மாட்டோம்' என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.